மரியதாஸ் கேட்காமல் விட்ட கேள்வி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது மரியதாஸின் மகள் அழைத்தாள். "அங்கிள், அப்பா விடியக்காலமை போயிட்டார்" என்றாள். வெட்டக் கொடுத்த மீனையும் மறந்து கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன். பள்ளிக்கூடக் காலத்து நண்பன். அவனைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் அவன் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளன், வாய்க்காரன், எந்த விவாதத்திலும் தோற்கப் பிடிக்காதவன். அவன் ஒருமுறை வேண்டுமென்றே தோற்றான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தேவாலயப் பங்கில் தவக்காலம் வந்தால் மண்டபத்தில் மாதிரி வழக்கு ஒன்று நடக்கும். வேதாகமத்தில் வரும் ஒருவரைக் கூண்டில் ஏற்றி விசாரிப்போம். சபையில் தெரிவான பன்னிரண்டு ஜூரிகள் தீர்ப்புச் சொல்வார்கள். மூன்று வருடங்களுக்கு முன் பங்குத்தந்தை அந்தப் பொறுப்பை எங்கள் இருவர் தலையிலும் கட்டினார். "பிலாத்துவை எத்தினை தரம் மச்சான் கூண்டில ஏத்துறது? அந்தாளும் பாவம்" என்றான் மரியதாஸ். ஆகவே ஊதாரி மைந்தன் உவமையில் வரும் மூத்த மகனை எடுத்தோம். எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பி வந்த தம்பிக்குத் தந்தை விருந்து வைக்க, கோபத்தில் வீட்டுக்குள் வர மறுத்தவன். அதுதான் குற்றச்சாட்டு. வழக்குத் தொடுநர் மரியதாஸ். மூத்த மகன் நான்.

ஒரு மாதம் அவன் வீட்டு முன்னறையில் வேலை செய்தோம். குற்றப்பத்திரத்தை நான் எழுத எழுத அவன் அடித்துத் திருத்தினான். தன் கேள்விகளை மட்டும் காட்டவே இல்லை. "கூண்டில நிக்கிறவனுக்குக் கேள்வி முன்னமே தெரிஞ்சா அது நாடகம், வழக்கில்லை" என்பான். கெஞ்சியும் பார்த்தேன், சண்டையும் பிடித்தேன். மசியவில்லை.

எனக்கும் ஒரு தம்பி உண்டு. டுபாயில் வேலை செய்தான். அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்த இரண்டு வருடமும் எட்டிப் பார்க்கவில்லை. செத்த வீட்டுக்கும் வரவில்லை. பிறகு திரும்பி வந்து ஹெந்தளையில் குடியேறினான். இரண்டு தடவை என் வீட்டுக்கு வந்தான். நான் கதவைத் திறக்கவில்லை. அப்படியே ஒன்பது வருடம் பேச்சில்லாமல் போயிற்று. மரியதாஸுக்கு இதெல்லாம் தெரியும்.

வழக்கு நாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. கடன் வாங்கிய கறுப்புக் கோட்டில் மரியதாஸ் வெளுத்து வாங்கினான். தம்பி திரும்பி வந்ததில் உமக்கு என்ன குறைந்துவிட்டது என்று கேட்டான். எனக்குச் சுரீரென்றது.

"அம்மா கடைசி வரைக்கும் அவன்ர பேரைத்தான் சொல்லிக்கொண்டு கிடந்தவ. பக்கத்தில நிண்டது நான்" என்றேன்.

அந்த உவமையில் தாய் என்று ஒருவரே இல்லை. வாயிலிருந்து விழுந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

என்னை மடக்க அதைவிட நல்ல இடம் அவனுக்குக் கிடைத்திருக்காது. கையிலிருந்த தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மேற்கொண்டு கேள்விகள் இல்லை என்று நீதிபதியிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். ஜூரிகள் என்னை விடுதலை செய்தார்கள். பிறகு பல வாரங்கள் ஆட்கள் அவனைப் பகிடி பண்ணினார்கள். அவனும் சேர்ந்து சிரித்தானே தவிர, ஒருவரிடமும் காரணம் சொல்லவில்லை.

அன்று சனம் எழுந்து போன கதிரைகளை அடுக்கும்போது, அடுத்த கேள்வி என்ன என்று கேட்டேன்.

"அவன் இன்னொருக்கா வந்து தட்டினா கதவைத் திறப்பீரோ எண்டு. சனத்துக்கு முன்னால உன்னட்ட அதைக் கேக்க எனக்கு மனம் வரேல்ல, மச்சான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் பாட்டுக்குக் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் ஹெந்தளைக்குப் போனோம். சந்தியில் ஒரு தேநீர்க் கடையில் அவன் உட்கார்ந்துகொண்டு, இனி நீ தனியாகப் போ என்றான். தம்பிதான் கதவைத் திறந்தான். தலை நரைத்திருந்தது. "அண்ணா, சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டான். உள்ளே போனேன்.

அடக்கத்தன்று மரியதாஸின் பெட்டியைத் தூக்கியபோது எனக்கு எதிர்ப்பக்கம் நின்றவர் யார் என்று உங்களில் பலர் கேட்டீர்கள். அவன் என் தம்பி. மரியதாஸ் எனக்குத் தந்துவிட்டுப் போனது அவனைத்தான்.