கேட்காமல் கொடுத்தது

மாலையோடு வந்த அதிகாரி என் தம்பியை வள்ளல் என்றார். தெருவில் கர்ணன் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் அவன். பரோட்டா வாங்கி வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்பான், நான் ஒரு வாய் கேட்டுவிடுவேன் என்று. அவன் சீப்பை எடுத்தால் சண்டை, ஹெட்போனைத் தொட்டால் இரண்டு நாள் பேச மாட்டான்.

தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. முதல் வருடச் சம்பளத்தில் பைக் வாங்கினான். வாங்கியவன் அதில் வேலைக்குப் போனானா என்றால் அதுவும் இல்லை. லாரிப் புழுதி படுமாம். உறை போட்டு வாசலில் நிறுத்திவிட்டு கம்பெனி பஸ்ஸில் போய்வந்தான். அந்த பஸ்ஸிலிருந்து இறங்கி ரோட்டைக் கடக்கும்போதுதான் வேன் மோதியது.

மூளைச்சாவு என்று டாக்டர் சொன்னார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அவன் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உறுப்புகளைக் கொடுக்க முடியுமா என்று மெதுவாகத்தான் கேட்டார், அவசரப்படுத்தவில்லை. அப்பா இல்லாத வீடு. அம்மாவும் நானும்தான் சொல்ல வேண்டும்.

"அவன கேக்காம எப்டி சார்?" என்றாள் அம்மா.

"நீங்கதாம்மா சொல்லணும்."

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை. செத்துப்போவதைப் பற்றி இருபத்திரண்டு வயதுப் பையனிடம் யார் பேசி வைத்திருப்பார்கள்? கடைசியில் அம்மாவே சொன்னாள்: "மண்ணு துன்னப்போற ஒடம்பு. நாலு பேரு பொழைச்சிக்கினு போவட்டும்." நானும் தலையாட்டினேன்.

அது தப்பு என்று இன்றும் நினைக்கவில்லை. ஆனால் நிம்மதியாகவும் இல்லை.

காரியத்தன்று இலையில் வடை, பாயாசத்தோடு பரோட்டாவும் சால்னாவும் வைத்தோம். காக்கைக்கு எடுத்துவைத்த பங்கை மாமா மாடிச் சுவரில் வைத்துக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க் மேல் இரண்டு காக்கைகள் இருந்தன. வரவில்லை. காக்கை எடுக்காவிட்டால் போனவருக்கு மனக்குறை என்று அர்த்தம். குறை என்னவென்று ஊகித்து வாக்குக் கொடுக்க வேண்டும்.

"வண்டிய விக்க மாட்டோம்டா. யாரும் ஓட்ட மாட்டோம். வந்து துன்னு" என்றார் மாமா. காக்கைகள் அசையவில்லை.

"உசுரோட இருக்கசொல்ல ஒரு காக்காவுக்கு சோறு வெச்சிருப்பானா? அதான் பழி வாங்குது" என்று அத்தை முணுமுணுத்தாள். அழுகையின் நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு அதுவரை அவனைப் பற்றி உண்மை பேசியது அத்தை மட்டும்தான்.

அம்மா சுவரோரம் போய் நின்றாள்.

"இன்னாடா கோவம்? கேக்காம குட்துட்டேன்னா? கேட்டிருந்தா நீ குட்துருக்க மாட்ட. அதான் கேக்கல. போதுமா?"

கொஞ்ச நேரம் கழித்து ஒரு காக்கை இறங்கி பரோட்டாவைக் கொத்தியது. மாமா கையெடுத்துக் கும்பிட்டார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே போனாள். அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. எனக்கு அது பசித்த காக்கையாகத்தான் தெரிந்தது.

பேட்டரி செத்துவிடக் கூடாதே என்று ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கை ஸ்டார்ட் செய்து அணைப்பது என் வேலையாகிவிட்டது. உறையை எடுத்துவிட்டு, "ஸ்டார்ட் மட்டும் பண்றேன்டா" என்று கேட்டுக்கொண்டுதான் சாவியைப் போடுகிறேன். கேட்டுவிட்டுச் சற்று நிற்கிறேன். உள்ளே இருந்து ஒரு தடவையாவது, "கை வெக்காத" என்று கத்த மாட்டானா?