மணி அடித்தால் விழித்துக்கொள்ளும் கம்ப்யூட்டர்

நம் மாட்டுங்கா பில்டிங் குரூப்பில் என் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இரண்டு திருத்தங்கள்.

அதை அமைத்தது என் கணவர் இல்லை. நான். அடுத்தது, அது சாயங்காலங்களில் "தானாக" ஆன் ஆகவில்லை. கூப்பிட்டால்தான் எழுந்துகொள்ளும். அப்படித்தான் அதற்குக் கேபிள் போட்டிருக்கிறேன். சில நாட்களாக அதுவும் எழுந்துகொள்ளவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புது மதர்போர்டை உறையிலிருந்து உருவியபோது வந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது... ஈயமும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. லாமிங்டன் ரோட்டில், மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்னக் கடை. நான் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வீட்டிலேயே டைப்பிங் வேலை எடுக்க ஆரம்பித்திருந்த சமயம். கஸ்டமர்கள் காகிதங்களை ஃபேக்ஸில் அனுப்புவார்கள்.

ரெடிமேடாக ஒன்று வாங்கிவிடலாம் என்றார் என் கணவர். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டியை வீட்டுக்குள் விட எனக்குச் சம்மதமில்லை.

கடைக்காரர் காதர் பாய், கடையநல்லூர்க்காரர். ஹார்ட் டிஸ்கிற்குப் போகும் பட்டையான ரிப்பன் கேபிள்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மடிப்பு விழுந்தவற்றை ஒதுக்கினேன்.

"ஏம்மா, பொண்ணு பாக்க வந்த மாதிரி இப்படித் திருப்பித் திருப்பிப் பாக்கிய?"

"என்னையும் இவ இப்படித்தான் பாத்தா, பாய். எப்படியோ பாஸ் ஆயிட்டேன்" என்றார் அவர்.

கடைசியாக ஒரு கேபிள் கேட்டேன். விரல் நீளம்தான், மூன்று நிறத்தில் மூன்று கம்பி. டெலிபோன் லைன் வந்து சேரும் மோடம் கார்டையும் மதர்போர்டையும் இணைப்பது. அது இருந்தால், அணைத்து வைத்த கம்ப்யூட்டர் ஃபோன் மணி அடித்ததும் விழித்துக்கொண்டு ஃபேக்ஸை வாங்கிக்கொள்ளும். அதை யாரும் கேட்பதில்லை என்று பாய் டிராயர் டிராயராகத் துழாவினார்.

"அணைஞ்சு போனதுக்கு யாராவது ஃபோன் பண்ணுவாளா?" என்று சிரித்தார் என் கணவர்.

நான் கேபிளை வாங்கிக்கொண்டேன்.

கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பாகம் பாகமாகப் பூட்டினேன். கான்வென்ட் தையல் வகுப்பில் சிஸ்டர் முதலில் துணியின் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். அந்தப் பயம் எனக்குப் போகவே இல்லை. யார் கண்ணிலும் படாத உள் வயர்களையெல்லாம் நூலால் சேர்த்துக் கட்டினேன்.

அவருக்கு ஃபோர்ட்டில் ஆபீஸ். கிளம்பியதும் வி.டி. ஸ்டேஷனில் காசு போடும் ஃபோனிலிருந்து இரண்டு ரிங் கொடுத்துக் கட் பண்ணுவார். குர்லா ஸ்லோ ட்ரெயினைப் பிடிக்கப் போகிறார் என்று அர்த்தம். நான் எடுக்கக் கூடாது. எடுத்தால் அவர் காசு போட வேண்டியிருக்கும். அதுதான் எங்கள் ஏற்பாடு.

ஆக, தினமும் சாயங்காலம் இரண்டு ரிங்... உடனே ஒரு பீப்... ஃபேன் சுழலும் சத்தம்... திரையின் நீல வெளிச்சம் ஹால் சுவரில் விழும். நான் டிகாக்‌ஷன் இறக்கப் போவேன்.

அவர் போய்ப் பல வருஷமாகிறது. ஆஸ்பத்திரியில், என் கண் முன்னால். அதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

பையன் கொடுத்த லேப்டாப்பில்தான் இதை டைப் பண்ணுகிறேன். பழையதை நான் விற்கவில்லை. துடைத்து, ப்ளக்கில் வைத்திருக்கிறேன்.

இந்த மழைக்காலம் ஆரம்பித்தபோது, விளக்கேற்றும் நேரத்தில், லேண்ட்லைன் இரண்டு முறை அடித்து நின்றது. பீப். ஃபேன். சுவரில் நீலம்.

மறுநாளும். அதற்கடுத்த நாளும்.

ஒருநாள் கறிவேப்பிலை கேட்டு வந்த இரண்டாம் மாடி லலிதா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மாமி, உள்ள யாரோ எழுந்துண்ட மாதிரி இருக்கே?"

"கம்ப்யூட்டர். ஃபோன் அடிச்சுதே, கேட்டியோன்னோ?"

"கேட்டேன். யாரு அடிச்சா?"

லலிதா கறிவேப்பிலையை வாங்காமலே போய்விட்டாள். குரூப்பில் வந்த கதை அங்கே பிறந்தது.

எனக்கு எதையும் சோதித்துப் பார்க்க வேண்டும். கேபிளைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தேன். ஃபோன் அடித்தது, கம்ப்யூட்டர் அசையவில்லை. மறுபடி மாட்டினேன், விழித்துக்கொண்டது. ஆக, என் வேலையில் கோளாறு இல்லை.

வி.டி.க்கும் போய்வந்தேன். அவர் நிற்கும் இடத்தில் ஃபோன் கிடையாது. சுவரில் ஸ்க்ரூ ஓட்டைகள் இருந்தன. அதன்மேல் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.

ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, காசு உள்ளே விழும் சத்தம்.

அதற்குப் பின்னால் ஸ்டேஷன் இரைச்சல். ஜனங்களின் காலடி. குர்லா ஸ்லோவுக்கான அறிவிப்பு. யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை... என்ன சொல்லியிருக்க வேண்டும்? காசுக்கான நேரம் தீர்ந்ததும் லைன் போய்விட்டது.

மறுநாள் ஃபோன் அடிக்கவில்லை. இன்றுவரை அடிக்கவில்லை.

இப்போது பையன் எங்கே இருக்கிறான் என்று என் மொபைல் மேப்பில் ஒரு புள்ளி காட்டுகிறது. பாலத்தில் நிற்கிறான், சிக்னலில் நிற்கிறான், எல்லாம் தெரிகிறது. "கிளம்பிட்டேன்" என்று யாரும் சொல்வதில்லை. எதைக் கேட்டுவிட்டு டிகாக்‌ஷன் இறக்குவது?

அந்த ரிங் கொடுத்தவர் இந்த குரூப்பில் இருக்கலாம், அவரைத் தெரிந்தவர் இருக்கலாம். விளையாட்டுக்குச் செய்திருந்தாலும் நான் கோபப்பட மாட்டேன். இனி எடுக்கவும் மாட்டேன். கம்ப்யூட்டர் ப்ளக்கில்தான் இருக்கிறது.

வாசலில் நின்று சொல்ல வேண்டாம். லலிதாவிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். எனக்கு எழுத்தில் பதில் வேண்டும். ஒரு வரி போதும்.