இரண்டாள் வேலை

என் காரின் ஆர்.சி. புத்தகத்தில் நான் ஐந்தாவது உரிமையாளர். முந்தைய நால்வரைப் பற்றி அதில் பெயரும் முகவரியும்தான் உண்டு. மழை வந்தால் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை நானாகத்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

இங்கிலாந்தில் செய்த பழைய டூரிங் கார் அது. ஐந்து பேர் உட்காரலாம். பக்கங்களில் கண்ணாடி கிடையாது. தலைக்கு மேலே மடிக்கக்கூடிய கித்தான் கூரை. மெக்கானிக்குகள் 'டாப்பு' என்பார்கள். பின்னால் மடிந்து கிடக்கும் டாப்பைப் போட, காரின் இரு பக்கமும் ஆள் நின்று ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் இரும்புக் கைகள் கோணிக்கொண்டு நின்றுவிடும். இதற்கு இருவர் தேவை என்று காரோடு வந்த கையேடு சொல்கிறது. இருவரில் ஒருவர் இல்லாமற்போனால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. நான் எழுதியிருந்தால் அதற்கும் ஒரு பத்தி இருந்திருக்கும். தொழிற்சாலையில் செய்முறை ஏடுகள் எழுதியே ஓய்வு பெற்றவன் நான்.

முதல் உரிமையாளர் காபித் தோட்டத்து வெள்ளைக்காரர். மழைக்கென்று அவரிடம் இரண்டு பியூன்கள் இருந்தார்கள். இரண்டாமவர் மரவியாபாரி, டிரைவரும் கிளீனரும் தூக்கினார்கள். மூன்றாமவர் கல்யாணங்களுக்குக் காரை வாடகைக்கு விட்டவர். கித்தான் கிழிந்ததும், தகரத்தில் ஒரு நிரந்தரக் கூரை அடித்து மாட்டி, விளிம்பைச் சுற்றி மஞ்சள் பூக்கொடியும் வரைந்துவிட்டார். நான்காமவர் பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு கொட்டகையில் காரை நிறுத்தி அதற்குள் கோழி வளர்த்தார். தம் கோழிகள் ஒரு நாளும் நனைந்ததில்லை என்று விற்கும்போது பெருமையாகச் சொன்னார்.

நான் வாங்கி அடுகோடியில் ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டேன். சீராக்கி முடிக்க ஏழு வருடம் ஆயிற்று. முதலில் கழற்றச் சொன்னது தகரக் கூரையைத்தான்.

"நல்லாத்தானே இருக்கு, இருக்கட்டுமே," என்றாள் என் மனைவி.

"ஒரிஜினல் இல்லை."

"நாம மட்டும் ஒரிஜினலா? உங்க பல்லு பாதி கட்டினது."

கூரையைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப் போனார். தேக்குச் சட்டம் வைத்து, பழைய புகைப்படத்தைப் பார்த்துப் புதுக் கித்தான் தைக்க வைத்தேன். தைத்த குஷன்காரர் அப்போதே எச்சரித்தார்: "சாப், இது ஒத்த ஆள் வேலை இல்லே. வீட்ல சண்டை கிண்டை போட்டுக்காதீங்க." பழைய கார்க் கண்காட்சிக்குக் கொண்டுபோனோம். தையல் நூலின் நிறம் சரியில்லை என்று நடுவர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டுப் போனார். கூரை யாருக்காக மாறியதோ, அவர் அதன் கீழே தலையைக்கூட நீட்டவில்லை.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மனைவியும் ஓசூர் ரோடு பக்கம் போய்வருவோம். தூறல் விழுந்தால் ஓரம் கட்டி, ஆளுக்கொரு பக்கம் நிற்போம். நான் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவேன். மூன்றில் தூக்க வேண்டும் என்பது விதி. அவள் எப்போதும் இரண்டிலேயே தூக்கிவிடுவாள். கை கோணிக்கொள்ளும்.

"மூணு சொன்ன பிறகுதான் தூக்கணும். எத்தனை தடவை சொல்றது?"

"நீங்க ரெண்டு சொல்றதுக்குள்ளவே மழை வந்துடுச்சு."

சாகும்வரை அவளை நான் திருத்த முடியவில்லை. அவள் போய் மூன்று மழைக்காலம் ஆகிறது.

வெளியூரில் இருக்கும் என் மகள் போன மாதம் போனில் பேசினாள். காருக்கு ஒருவர் நல்ல விலை தருவதாகச் சொல்கிறாராம். "டாப்ப ஒத்தையா போட முடியுமாப்பா உங்களால? முடியும்னா வெச்சுக்கோங்க. இல்லன்னா குடுத்துடுங்க. நனைஞ்சு காய்ச்சல் வந்து படுத்தீங்கன்னா யார் பாக்கறது?"

"தாராளமா முடியும்," என்றேன்.

மறுநாளே வாசலில் முயன்றேன். மறுபக்கம் ஒரு மூங்கிலை முட்டுக்கொடுத்தேன். கயிறு கட்டி இழுத்தேன். ஸ்டூல் போட்டு நடுவில் ஏறி நின்று இரு கைகளையும் விரித்தேன். கட்டைவிரல் நகம் ஒன்று கறுத்ததுதான் கண்ட பலன். இரண்டாள் வேலையைத் தனியாகச் செய்த ஃபிட்டர் ஒருவருக்கு ஒரு காலத்தில் நான் மெமோ கொடுத்திருக்கிறேன். 'அவசரமாக இருந்தது, பக்கத்தில் ஆள் இல்லை' என்று பதில் எழுதியிருந்தார். ஏற்கத்தக்க விளக்கமல்ல என்று கையெழுத்திட்டேன்.

போன ஞாயிறு வானம் தெளிவாக இருந்தது. காரை எடுத்தேன். நாலு மணிக்கு அடுகோடியைத் தாண்டும்போது, பெங்களூர் வழக்கப்படி, முன்னறிவிப்பு இல்லாமல் கொட்டியது. ஓரமாக நிறுத்திவிட்டு எதிரே இருந்த டீக்கடைக்குள் ஓடினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் தலைக்கு மேலே தகரக் கூரை. அதன் விளிம்பில் மங்கிப்போன மஞ்சள் பூக்கொடி.

பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. எதிரே, ஏழு வருட உழைப்பும் ஒரிஜினல் தோல் சீட்டுமாக என் கார் நனைந்துகொண்டிருந்தது.

"ஏன் சார், வண்டிக்கு மேல டாப்பு கெடையாதா?" என்றார் டீக்கடைக்காரர்.

"இருக்கு. ரெண்டு பேர் வேணும்."

"அதுக்கா இப்படி நின்னுட்டீங்க? வாங்க சார், ஸ்வல்பம் நனைஞ்சா கரைஞ்சா போயிடுவோம்?" அடுப்பைத் தணித்துவிட்டு, என்னை முந்திக்கொண்டு இறங்கினார்.

அவள் நிற்கும் பக்கத்தில் போய் நின்றார். மூன்று சொன்னதும் தூக்க வேண்டும் என்று விளக்கினேன். நல்ல மனிதர், கவனமாகத் தலையாட்டினார். ஒன்று என்றேன். இரண்டு என்றேன். என் கைகள் மேலே போய்விட்டன.

என் பக்கம் மட்டும் எழுந்து, டாப்பு கோணிக்கொண்டு நின்றது.

"என்ன சார், மூணே சொல்லல நீங்க!"

"ரெண்டு சொல்றதுக்குள்ளவே மழை வந்துடுச்சு," என்றேன். அவர் சிரித்தார். நான் குனிந்து இரும்புக் கையை நேராக்கினேன். முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்ததால் விளக்கம் எதுவும் தர வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் முறை டாப்பு சரியாக ஏறியது. அதற்குள் மழை நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து மகளை அழைத்தேன். தனியாகப் போட முடியாது, சொன்னது பொய் என்றேன்.

"அப்ப குடுத்துடலாமாப்பா?"

"வேண்டாம்."

"மழை வந்தா?"

"அடுகோடியில ஒரு கூரை இருக்கு," என்றேன். "நம்மளதுதான். கீழே நின்னா ஒழுகாது."

அவளுக்குப் புரியவில்லை. நானும் மேற்கொண்டு விளக்கவில்லை. வாசலுக்குப் போய், சீட்டில் தேங்கியிருந்த தண்ணீரைப் பழைய துண்டால் ஒற்றி எடுக்கத் தொடங்கினேன். டிரைவர் சீட்டை முடித்துவிட்டு, என் மனைவி உட்காரும் பக்கத்துக்கும் போனேன்.