சுறா எண்ணெய் குடித்த சில்லு

எங்கள் கரையில் வள்ளம் இழுக்கிற ஜீப் என்னுடையது. ஓட்டுகிறதும் நான்தான். முல்லைத்தீவுப் பக்கம் வந்து "ஜீப்கார மாமி" என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். சண்டை முடிந்து ஊர் திரும்பிய காலத்தில், இங்கே வேலை செய்துவிட்டுப் போன ஒரு தொண்டு நிறுவனம் ஏலத்தில் விட்ட வாகனம் அது. அப்போதே அதற்கு வயது போய்விட்டது. என் கணவருக்கும் முழங்கால் பழுதாகிக் கடலுக்குப் போக முடியாமல் இருந்தது. கடலுக்குப் போகாவிட்டால் என்ன, கடலால் வருகிற வள்ளத்தை மேலே இழுத்துக் கொடுத்துச் சாப்பிடுவோம் என்று நான் சொன்னேன். அப்படித்தான் இன்றுவரை சாப்பிடுகிறோம்.

வாடைக்காற்று தொடங்கினால் எங்கள் கடல் பொல்லாதது. அலை கரையைத் தாண்டி ஏறும். அதற்கு முதல் எல்லா வள்ளங்களையும் மணல் மேட்டுக்கு மேலே, தாழை நிற்கிற இடத்துக்கு இழுத்து ஏற்றிவிட வேண்டும். மற்ற நாளில் ஒன்றிரண்டு இழுவைதான், அதுவும் மேடு ஏறாமல் கரையோடு. அந்த நாட்களில் எனக்குச் சோறு தின்னவும் நேரம் இருக்காது.

போன வருடம் அந்த வேலை தொடங்கிய அன்று, சம்மாட்டியாரின் பெரிய வள்ளத்தை முதலில் கட்டினேன். சம்மாட்டியார் என்றால் எங்கள் கரையில் கூடுதலான வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். ஜீப் பாதி மேட்டில் நின்றுவிட்டது. பின்சில்லு இரண்டும் மணலைக் கிண்டிக் கிண்டிக் கீழே போயின. முன்சில்லு இரண்டும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றன. நாலு சில்லாலும் இழுக்கிற ஜீப்புக்கு இதைவிட மானக்கேடு உண்டா? அந்த நேரம் பார்த்துத்தானா என்னோடு போட்டிக்கு வள்ளம் இழுக்கிற உழவு மிசின்காரன் தன் டிராக்டரோடு வந்து சேரவேண்டும்!

"மாமி, ஜீப் என்ன ஆமை மாதிரிக் கிண்டுது? முட்டை இடப்போகுதோ?"

"இட்டால் உனக்கும் ஒரு குட்டி தாறன், கொண்டுபோய் வளர்" என்றேன்.

கரை முழுக்கச் சிரித்தது. ஆனால் என் ஜீப்பையும் அதன் பின்னால் கட்டியிருந்த வள்ளத்தையும் அவன்தான் இழுத்துத் திரும்பக் கரையில் விட்டான். சம்மாட்டியார் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. காத்து திரும்பப்போகுது. நாளைக்குப் பின்னேரம் உங்கடை ஜீப் இந்த வள்ளத்தை ஏத்திக் காட்டினால் எல்லா வள்ளமும் உங்களுக்குத்தான். இல்லாட்டி நான் மிசினுக்குக் குடுக்கவேணும். பிறகு வருசா வருசம் அவன்தான் இழுப்பான்."

வீட்டுக்கு வந்ததும் புதுக்குடியிருப்பில் வாகனம் திருத்துகிற ஒரு கராச்காரருக்குப் போன் எடுத்தேன். அவர் ஜீப்பைக் காணாமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார். கியர்ப்பெட்டி முடிந்ததாம். வவுனியாவில் சாமான் தேட வேண்டுமாம். கிழமைக் கணக்காகுமாம்.

"விட்டிடும் இஞ்சாரும்" என்றார் இவர், என் கணவர். "எங்களுக்கும் வயசு போட்டுது."

"உங்களுக்குப் போட்டுது. எனக்கு இன்னும் இருக்கு" என்றேன்.

விடிந்ததும் விடியாததுமாகத் தேநீரைக் குடித்துவிட்டு ஜீப்புக்குக் கீழே பாயை விரித்தேன். அந்த ஜீப்பில் முன்சில்லு இரண்டின் நடுவிலும் ஒரு கொண்டை மாதிரி இருக்கும். அதில் கையால் திருகுகிற திருகு ஒன்று உண்டு. அதைத் திருப்பினால் உள்ளே பல்லோடு பல்லுப் பொருந்திச் சில்லையும் அச்சையும் பூட்டும். பூட்டினால்தான் முன்சில்லு இழுக்கும். அந்தத் திருகில் ஏதோ இங்கிலீசு எழுத்து இருக்கிறது. எனக்கு வாசிக்கத் தெரியாது, தேவையும் இல்லை. கோடு மேலே நின்றால் பூட்டு, சரிந்து நின்றால் திறப்பு. முதல் ஆண்டில் ஒருமுறை தவிர இவ்வளவு காலமும் நான் பிழைவிட்டதில்லை.

இரண்டு பக்கமும் கோட்டை மேலே வைத்தேன். பின்சில்லுகளுக்குக் கல் அண்டை கொடுத்துவிட்டு ஜக்கைப் போட்டு வலது முன்சில்லைத் தூக்கினேன். கையால் சுற்றிப் பார்த்தேன். பாரமாகச் சுற்றியது. உள்ளே எண்ணெய்க்குள் பல்லு அரைகிற முனகல் கேட்டது. சரி. ஜக்கை மாற்றி இடது சில்லைத் தூக்கினேன். ஒரு தட்டுத்தான் தட்டினேன், காற்றாடிபோலச் சுற்றியது. சத்தமே இல்லை!

இன்னொருமுறை தட்டினேன், அதே காற்றாடி. கோடு மேலே நிற்கிறது, ஆனால் உள்ளே பூட்டவில்லை. ஒரு பக்கம் பூட்டாவிட்டால் இழுவையெல்லாம் அந்தப் பக்கத்தால் சும்மா ஓடிப்போகும், மற்றப் பக்கமும் இழுக்காது. முதல் ஆண்டில் இடது கோட்டைத் திருப்ப மறந்துபோய் மணலில் புதைந்து நான் கண்டுகொண்ட பாடம் அது. அப்படியென்றால் கியர்ப்பெட்டியில் ஒன்றும் இல்லை!

"இஞ்சாருங்கோ! ஓடி வாங்கோ! ஆளைப் பிடிச்சிட்டன்!"

இவர் யாரோ கள்ளனைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்துத் தடியோடு வந்தார்.

கொண்டையைச் சுற்றியிருந்த போல்ட்டுகள் துருவேறிக் கிடந்தன. டீசல் ஊற்றி ஊறவைத்து, ஸ்பனரில் இரும்புக் குழாயைச் செருகி, நான் ஒரு பக்கம் தொங்க, இவர் ஒரு பக்கம் தள்ள, ஒவ்வொன்றாகக் கழன்றன. மூடியை இழுத்தேன். குப்பென்று ஒரு மணம் வந்து மூக்கில் அடித்தது. கிறீஸ் மணம் இல்லை. கடற்கரையில் பிறந்த எவளுக்கும் தெரிந்த மணம்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் வேலியைப் பார்த்தார்.

"இதுக்குள்ளை என்ன விட்டனீங்கள்?"

"போன மாரியிலை இந்தப் பக்கம் திருப்ப இறுக்கமாய் இருந்தது. அதுதான் கொஞ்சம்..."

"என்ன கொஞ்சம்?"

"சுறா எண்ணெய்."

மர வள்ளக் காலத்தில் பிறந்தவர் அல்லவா? சுறாவின் ஈரலை உருக்கி எடுத்த எண்ணெயைப் பலகையில் பூசி வெயிலில் காயவிட்டால் தோல் மாதிரி இறுகி உப்பைத் தடுக்கும். ஜீப்பின் அடிச்சட்டத்துக்கும் அதைத்தான் பூசுகிறோம். எங்கள் ஜீப்பின் அடி இன்றும் துருப்பிடிக்கவில்லை, அதைப் பெருமையாகவே சொல்வேன். ஆனால் அசைய வேண்டிய பல்லுக்குள் அதை ஊற்றினால் அங்கேயும் இறுகத்தானே செய்யும்? உள்ளே எல்லாம் பலாப்பால் மாதிரி மண்ணிறமாய்ப் பிசுபிசுத்துக் கிடந்தது. திருகு திரும்புகிறது, பல்லு வளையம் இருந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

"உங்களுக்கு ஜீப்பும் வள்ளமும் ஒண்டோ?"

"உப்புக்காத்துக்கு ரெண்டும் ஒண்டுதானே."

கோபிக்க வந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து மணலில் இருந்துவிட்டேன். பழுது எங்கள் வீட்டிலேயே செய்தது என்றால் எங்கள் வீட்டிலேயே திருத்தலாமே!

காய்ந்த சுறா எண்ணெயைக் கழற்றுகிற வித்தையும் இவருக்குத்தான் தெரியும். வெந்நீரில் போட்டு இளக வைத்தார். பல்லில் கீறல் விழாமல் சிரட்டைத் துண்டால் சுரண்டினார். கடைசியில் மண்ணெண்ணெயில் பழைய பல்துலக்கியால் தேய்த்தோம். வளையம் வெள்ளி மாதிரிப் பளபளத்து வந்தது. அச்சில் போட்டுத் தள்ளினேன், வழுக்கிக்கொண்டு போனது. திரும்ப இழுத்தேன், வந்தது. சின்னப்பிள்ளை மாதிரி நான் அதைத் தள்ளித் தள்ளி விளையாட, "நேரம் போகுது" என்று இவர் கத்தினார்.

பிறகு ஒரு தடங்கல். மூடிக்கு அடியில் இருக்கும் பேப்பர் கிழிந்துபோனது. அது இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே போகும். தடித்த மட்டை வேண்டும். சுவரில் எங்கள் மாதா கோயில் கலண்டர் தொங்கியது, நல்ல தடிப்பு. கத்தரிக்கோலோடு போனேன். இவர் மறித்துக்கொண்டு நின்றார்.

"மாதாவின்ரை படத்திலை கைவைக்காதையும்!"

"படத்தை ஆர் வெட்டினது? முடிஞ்ச மாசத்தைத்தான் வெட்டுறன். மாதா ஒண்டும் சொல்லமாட்டா, அவாவுக்கும் வள்ளக்காரரைத் தெரியும்."

மூடியை மட்டையில் வைத்துச் சுற்றி வரைந்து வெட்டினேன். போல்ட் ஓட்டைகளை ஆணியால் குத்தினேன். கிறீஸை மெல்லிசாகத் தடவிப் பூட்டினேன். கோட்டை மேலே திருப்பினேன். உள்ளே "டக்" என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நான் கனகாலம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சில்லைச் சுற்றினேன். பாரம்! முனகல்! இவரைக் கட்டிப்பிடித்தேன். இரண்டு பேரும் மண்ணெண்ணெயும் சுறாவும் மணக்க நின்றோம்.

பின்னேரம் கரைக்குப் போனால், மிசின்காரன் கயிற்றோடு ஆயத்தமாக நிற்கிறான். கடல் கறுத்துப்போய்க் கிடந்தது. மணலில் சில்லு அகன்று உட்காரட்டும் என்று ரயர் நாலிலும் காற்றைக் குறைத்தேன். இவர் வள்ளத்தில் கயிற்றைக் கட்டினார். அவர் போட்ட முடிச்சு இன்றுவரை அவிழ்ந்ததில்லை.

"மாமி, தள்ளுறதுக்கு ஆள் பிடிக்கட்டோ?" என்றான் மிசின்காரன்.

"நீ விலகி நில் ராசா, அது போதும்."

சின்னக் கியரைப் போட்டு மெதுவாகக் கிளச்சை விட்டேன். கயிறு இறுகியது. வள்ளம் அசைந்தது. நேற்று நின்ற குழி வந்தது. சுக்கானை நேராகப் பிடித்தேன். முன்சில்லு இரண்டும் மணலைக் கவ்வின, எனக்குக் கையில் தெரிந்தது, சுக்கானில் தெரிந்தது! ஜீப் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறியது. மேடு தாண்டியது, தாழை வந்தது, தாழையும் பின்னுக்குப் போனது. எனக்கு நிற்பாட்ட மனமே வரவில்லை. யாரோ கத்துவது கேட்டது, கைதட்டுகிறார்கள் என்று நினைத்து ஹோர்னும் அடித்தேன். கண்ணாடியில் பார்த்தால் சம்மாட்டியார் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வருகிறார். நான் நின்றபோது வள்ளம் தார் றோட்டுக் கரையில், பஸ் நிற்கிற இடத்தில் வந்து நின்றது.

சம்மாட்டியாருக்கு மூச்சு வாங்கியது. வள்ளத்தைப் பார்த்தார், றோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அக்கா, மற்ற எல்லா வள்ளமும் உங்களுக்குத்தான். ஆனால் அதுகள் பஸ்சுக்குப் போகத் தேவையில்லை. தாழையோடை நிப்பாட்டுங்கோ."

இந்த வள்ளத்தைத் தாழையடிக்குத் திருப்பி இறக்கத்தான் ஆள் பிடிக்கவேண்டி வந்தது. மிசின்காரனும் சிரித்துக்கொண்டே தோள் கொடுத்தான். அவர்கள் தள்ளிக்கொண்டு போக, நான் ஜீப்பைத் திருப்பி அடுத்த வள்ளத்துக்கு இறங்கினேன்.