ஜன்னலோர ஷேக்கர்

என் சித்தி மகள் என்னைவிட இரண்டு மாதம் இளையவள். அந்த இரண்டு மாதத்தைத் தவிர வேறெதிலும் அவள் எனக்குப் பின்னால் நின்றதில்லை. கல்யாண வீடுகளில் எங்களைச் சேர்த்து நிற்கவைத்துத்தான் சொந்தக்காரர்கள் மார்க் கேட்பார்கள். போதாக்குறைக்கு, குற்றாலம் போகிற வழியில் இருக்கும், நான் எம்.எஸ்ஸி. பயோடெக்னாலஜி சேர்ந்த கல்லூரியிலேயே அவளும் வந்து சேர்ந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

இரண்டாம் வருஷம், பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆறு மாதம் வேலை பழக ஒரே ஓர் இடம் வந்தது. எங்கள் இருவரில் யாருடைய புரதம் சோதனையில் நன்றாக வருகிறதோ அவளுக்குத்தான் சிபாரிசுக் கடிதம் என்று எங்கள் பேராசிரியை மேடம் சொல்லிவிட்டார். ஊரைவிட்டு, முக்கியமாக அவள் பக்கத்திலிருந்து, போக எனக்கு வேறு வழி தெரியவில்லை.

செய்யவேண்டியது இதுதான். ஜெல்லிமீனின் மரபணு ஒன்றை பாக்டீரியாவுக்குள் ஏற்றியிருந்தோம். மரபணு உள்ளே இருந்தால் மட்டும் போதாது. "செய்" என்று அதற்கு உத்தரவு போகவேண்டும். ஐபிடிஜி என்ற மருந்தைக் கொஞ்சம் ஊற்றினால் அதுதான் உத்தரவு. பாக்டீரியா மரபணுவைப் படித்து, பச்சையாக ஒளிரும் புரதத்தைச் செய்யத் தொடங்கும். மறுநாள் காலைவரை முப்பத்தேழு டிகிரி சூட்டில் அந்தப் பாக்டீரியா இருக்கும் ஃபிளாஸ்க்கைக் குலுக்க வேண்டும். அதற்கு ஷேக்கர் என்ற மெஷின் இருந்தது.

மதியம் இருவரும் மருந்து ஊற்றினோம். அவளுக்கு ஊரான கடையத்துக்குப் பஸ். "யக்கா, நீ ஹாஸ்டல்லதான இருக்க, என்னதையும் பாத்துக்கிடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் பார்த்துக்கொண்டேன். அவள் போன பத்தாவது நிமிஷம் அவளுடைய ஃபிளாஸ்க்கை எடுத்து, சூடு செத்துப்போய்க் குலுக்க மட்டும் செய்கிற பழைய ஷேக்கரில் மாட்டினேன். அது ஜன்னலோரம் கிடந்தது. ஆனி மாதச் சாரல் நேராக உள்ளே அடித்தது. ஸ்வெட்டர் இல்லாமல் அங்கே நிற்க முடியாது. குளிரில் விறைத்துக் கிடக்கட்டும் என்று நினைத்தேன். காலையில் அவள் வருமுன் எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன்.

பாக்டீரியாவை உடைத்துச் சுழற்றி, யூ.வி. விளக்கில் காட்டினோம். என்னுடையதில் மேலே வெறும் தண்ணீர், அடியில் உதவாத கட்டி. அவளுடையது குழாய் முழுக்கப் பச்சையாக ஒளிர்ந்தது. கெடுவான் கேடு நினைப்பான் என்பது எனக்கென்றே சொன்னது போலிருந்தது.

மேடம் அவளை இன்னொரு முறை செய்யச் சொன்னார். இந்த முறை அவளே கூட இருந்து முப்பத்தேழில் வைத்தாள். கட்டிதான் வந்தது. மூன்றாவது முறையும் கட்டி. முதல் தடவை ஏற்கெனவே ஒளிர்கிற வேறு டியூபைக் காட்டினாயா என்று மேடம் எல்லார் முன்னாலும் கேட்டார். அவள் முகம் சிறுத்துப்போயிற்று. என்னைப் பார்த்தாள். நான் பிப்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். புத்தகத்தைப் புரட்டியும் பார்த்துவிட்டேன். நல்ல சூட்டில் பாக்டீரியா அவசர அவசரமாகப் புரதத்தைச் செய்கிறது. அது சரியாக மடியாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிறது. குளிரில் மெதுவாகச் செய்வதால் ஒழுங்காக மடிகிறது. அன்று சாயங்காலம் புதிதாக மருந்து ஊற்றி என்னுடைய ஃபிளாஸ்க்கை ஜன்னலோர ஷேக்கரில் மாட்டினேன். மறுநாள் பச்சை. "சூட்டைக் குறைச்சுப் பாத்தேன் மேடம்" என்றேன். இப்படி யோசிக்கிற ஆள்தான் வேண்டும் என்று மேடம் எல்லாரிடமும் சொன்னார். கடிதம் எனக்கு வந்தது. வீட்டில் முதன்முறையாக என் பெயரை முதலில் சொன்னார்கள். கூச்சமே இல்லாமல் சந்தோஷப்பட்டேன்.

இரண்டு நாள் கழித்து, ஆய்வுக்கூடத்தில் வேறு யாரும் இல்லாத நேரம், அவள் தன் ரெக்கார்ட் நோட்டை என் முன்னால் விரித்தாள். மூன்று தடவையும் வரிசையாக எழுதியிருந்தாள். இரண்டிலும் மூன்றிலும் சூடு முப்பத்தேழு. முதல் தடவைக்கு நேரே மட்டும் கட்டம் காலியாக இருந்தது.

"நான் ஊருக்குப் போயிட்டேம்லா. கூட இருந்தது நீதானக்கா. நீயே எழுதி, சாட்சிக் கையெழுத்துப் போட்டுரு."

குரலில் கோபம் இல்லை. சூட்டைக் குறைத்தேன் என்று நான் சொன்னதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மேடத்திடம் போய்ச் சொல்லாமல் என்னிடமே கொண்டுவந்திருக்கிறாள். உள்ளதை எழுதினால் அவள் பொய் சொல்லவில்லை என்று ஆகும். பெங்களூரும் அவளுக்குத்தான் போகும். உள்ளதை எழுதி அந்த இடத்தை அவளுக்கே கொடுத்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நினைத்தேன். அதற்குள், இந்தப் பெருந்தன்மையிலும் இவள்தானா முன்னால் என்று எனக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் நீட்டிய பேனாவை வாங்கி முப்பத்தேழு என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

அவள் அந்தக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள். பேனாவைக்கூடக் கேட்காமல் நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.