பந்தி விளக்கும் பவர்-ஆன் லெவலும்

விளக்குப் போடுவது பழைய தொழில். விளக்குகளைக் கம்பி வழியாக ஒன்றோடொன்று பேச வைத்து, அவை என்ன பேசுகின்றன என்று வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்வது என் தொழில். பொருளை விற்றதைவிட அதன் பெயரை விற்கப் பாடுபட்டவர்கள் உங்களில் இருந்தால், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

கோயமுத்தூர் வேலையை விட்டுவிட்டு நான் சொந்தமாக எடுத்த முதல் வேலை, மலையாள எல்லைக்குள் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு ஆடிட்டோரியம். கல்யாண மண்டபத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். முதலாளி ஒரு ராவுத்தர், மளிகை மொத்த வியாபாரி. பழைய சுவிட்ச் போர்டைக் கழற்ற அவர் சம்மதிக்கவில்லை. "மொதக் கல்யாணம் நல்லா நடந்தா உங்களுது இருக்கட்டும். இல்லீன்னா அவுத்துட்டுப் போயிருங்க தம்பி" என்றுவிட்டார். அவிழ்த்துக்கொண்டு போனால் பக்கத்துச் சித்தூரிலிருந்து பொள்ளாச்சி வரை ஒருவரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

பிராட்காஸ்ட்

ஒரே கட்டளை எல்லா விளக்குக்கும் ஒரே நேரத்தில் போனால் அதற்குப் பிராட்காஸ்ட் என்று பெயர். ராவுத்தர் முன்னால் பட்டனை அமுக்கினேன். மண்டபத்து விளக்கு மொத்தமும் எரிந்தது. மறுபடி அமுக்கினேன், மொத்தமும் அணைந்தது. மெச்சுவார் என்று பார்த்தால், என்னை மூலைக்கு அழைத்துப் போய்ப் பழைய மெயின் சுவிட்சின் கைப்பிடியைத் தட்டிக் காட்டினார்.

"இவனும் இதே வேலையத்தான் இத்தன வருசமாச் செஞ்சானுங்க. பேருதான் வெக்காம உட்டுட்டோம்."

ஃபேடு டைம்

விளக்கு பட்டென்று எரியாமல் மெல்ல மெல்லப் பிரகாசமாவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் ஃபேடு டைம். கண்ணுக்கு இதமாக இருக்குமே என்று ஆசை ஆசையாக வைத்தேன். வாட்ச்மேன் வேலானுக்கு அந்தப் பொறுமை இல்லை. அமுக்குவார், உடனே எரியாது, மறுபடி அமுக்குவார், எழுந்து வந்துகொண்டிருந்த வெளிச்சம் பாதியில் திரும்பிப் போய்விடும். "கொஞ்சம் பொறுங்கண்ணா, தானா வரும்" என்று கெஞ்சினேன். இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"சொவிட்சப் போட்டா எரியோணுமுங்க. இது என்ன, கோவிச்சுக்கிட்ட சம்பந்தி மாதிரி நிதானமா வருது?"

பவர்-ஆன் லெவல்

கரண்ட் போய்த் திரும்ப வரும்போது விளக்கு எந்த அளவில் எரிய வேண்டும் என்பது பவர்-ஆன் லெவல். முன்பு அணைந்திருந்தது அணைந்தே இருக்கட்டும் என்பது என் யோசனை. ராவுத்தர் ஒப்பவில்லை. நான் எடுத்துச் சொன்னேன்; அவர் காது கொடுத்துக் கேட்டார்; கேட்டு முடித்ததும் தான் முதலில் சொன்னதையே சொன்னார்.

"கரண்ட் வந்தா எல்லாமே பளிச்சுனு எரியோணும். ஒண்ணு எரியலீன்னாலும் மண்டபமே ரிப்பேருன்னு ஊரெல்லாம் சொல்லுவாங்க தம்பி."

சீன்

எந்தெந்த விளக்கு எவ்வளவு எரிய வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்து ஒரு பட்டனுக்குள் வைத்தால் அது சீன். 'முகூர்த்தம்' பட்டனில் மேடை ஜொலிக்கும், பக்கத்துச் சாப்பாட்டு ஹால் இருட்டாக இருக்கும். 'பந்தி' பட்டனில் சாப்பாட்டு ஹால் ஜொலிக்கும். எங்கள் ஊரில் பந்திக்கு யாரும் அழைக்க வேண்டியதில்லை. அந்த ஹாலில் வெளிச்சம் தெரிந்தால் போதும், கூட்டம் எழுந்துவிடும்.

முதல் கல்யாணம், முதலமடை மாங்காய் வியாபாரி ஒருவரின் ஒரே மகளுக்கு. மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கும் நேரத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியது. ராவுத்தர் விரும்பியபடியே எல்லாம் பளிச்சென்று எரிந்தன, சாப்பாட்டு ஹாலும் சேர்த்து. நாற்காலிகள் கிறீச்சிட்டன. மண்டபம் பாதி காலி. பெண்ணின் அப்பா கைகூப்பிக்கொண்டு, "இன்னும் தாலி கட்டலீங்க, உக்காருங்க" என்று போகிறவர்களின் முதுகைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

என் கண்ட்ரோல் பெட்டியோ கரண்ட் வந்தபின் கண் விழிக்கச் சற்று நேரம் எடுக்கும். விரலைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். விழித்ததும் 'முகூர்த்தம்' அமுக்கினேன். சாப்பாட்டு ஹால் மெல்ல மெல்ல இருண்டது. இலை போடாத மேசை முன்னால் இடம் பிடித்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அதுவரை ஐயர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார். நிறைந்த சபையில் தாலி ஏறியது.

எல்லாம் முடிந்து, ஸ்க்ரூ டிரைவரோடு ராவுத்தர் முன்னால் போய் நின்றேன். எதைக் கழற்றுவது என்று அவர்தான் சொல்ல வேண்டும். அவர் பழைய போர்டைக் காட்டினார்.

"அதக் கழட்டீருங்க. மைக்குல தொண்ட கிழியக் கத்துனாலும் நகராத கூட்டமுங்க இது. உங்க பொட்டி எழுப்பியும் உட்டுது, திருப்பிக் கூட்டியாந்து உக்காரவும் வெச்சுது. அந்த லெவல மட்டும் நீங்க சொன்ன மாதிரியே மாத்தீருங்க."

இத்தனை பெயர்களை மனப்பாடம் செய்து நான் கண்டுகொண்டது, எங்கள் ஊரில் எந்தக் கம்பியை எங்கே இழுத்தாலும் அது கடைசியில் இலைக்கு முன்னால்தான் போய் முடிகிறது என்பதே.