அவசரம் இல்லாத மூன்று கட்டுகள்

பிரமிளாவிடம் புத்தகத்தின் பேரைச் சொல்லிக் கேட்டால் திருதிருவென்று முழிப்பாள். சிவப்பு அட்டை, முதுகில் டீக்கறை என்று சொல்லுங்கள், நீங்கள் நாற்காலியில் உட்காருவதற்குள் கொண்டுவந்து வைத்துவிடுவாள். சித்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் பதினோரு வருஷமாக அட்டெண்டர். கம்ப்யூட்டர் வைத்த பிறகும் பாதிப் பேர் நேராக அவளிடம்தான் வருகிறார்கள். அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம். இருக்கட்டுமே, அதென்ன கொலைக்குற்றமா!

அன்றைக்குச் சனிக்கிழமை. கோவர்த்தனன் என்றொரு வாத்தியார் காலையிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வீடு குடிபாலாவில், வேலை வெதுருகுப்பம் பள்ளியில். நாற்பத்திரண்டு வயதில் திருப்பதியில் சமூகவியல் பிஎச்.டி.க்குச் சேர்ந்திருக்கிறார். ஒரு மணி வாக்கில் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா சார், சாப்பிடக்கூட போவலியா?" என்றாள் பிரமிளா.

"எங்கேம்மா சாப்புடறது! புலம்பெயர்வுன்னு தேடினா பம்பாய் வருது, துபாய் வருது. பெண் தொழிலாளர்னு போட்டா உலகமே வருது. எங்க குடிபாலா வேன் மட்டும் வரமாட்டேங்குது."

விஷயம் இதுதான். குடிபாலாவிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கு வேன்கள் கிளம்பும். பெண்களை ஏற்றிக்கொண்டு ஆந்திர எல்லை தாண்டி ராணிப்பேட்டைப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்குப் போகும். இருட்டின பிறகு கொண்டுவந்து இறக்கும். இந்தப் பெண்கள் ஊரைவிட்டுப் போனவர்களும் இல்லை, ஊரில் இருப்பவர்களும் இல்லை. எந்தத் தலைப்பில் தேடினாலும் அகப்படமாட்டார்கள். அவர்களுடைய வீடுகளில் என்னவெல்லாம் மாறியிருக்கிறது என்பதுதான் வாத்தியாரின் ஆராய்ச்சி. வேன் ஓட ஆரம்பித்த காலத்தில் எப்படியிருந்தது என்று காட்ட ஒரு பழைய ஆதாரமாவது வேண்டும், திங்கட்கிழமைக்குள் கொண்டுவராவிட்டால் வேறு தலைப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பதியில் அவருடைய கைடு நீரஜா மேடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

"வேற தலைப்பு எட்த்தா இன்னா சார்?"

"எங்க வூட்டம்மா சந்திரம்மா எட்டு வருஷமா அந்த வேன்லதான் போய்க்கினு வருது. அத்த வுட்டுட்டு நான் யாரைப் பத்தி எழுதறது?"

பிரமிளாவின் கண் தானாகப் பீரோ மேலே போனது. அவர் கேட்டது எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். உலகத்திலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

தமிழ்நாட்டுப் பள்ளிப்பட்டிலிருந்து கல்யாணமாகிச் சித்தூருக்கு வந்த புதிதில் கிடைத்த வேலை இது. தெலுங்கு எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்த காலம். கல்லூரியில் சமூகவியல் துறையை மூடினார்கள். அங்கிருந்த காகிதமெல்லாம் நூலகத்துக்கு வந்தது. நூலகர் ஹரிபாபு அதில் மூன்று கட்டுகளின்மேல் சீட்டு ஒட்டி அவளிடம் கொடுத்துவிட்டு மீட்டிங்குக்கு ஓடினார். அவள் கூட்டிப் படித்தாள்: அவசரம் லேது. லேது என்றால் இல்லை, அது தெரியும். அவசரம் நம்ம அவசரம்தானே! சரி, அவசரமில்லை, நிதானமாகப் பார்ப்பார்போல என்று துணியில் சுற்றி, பீரோ மேலே, மேப்புச் சுருள்களுக்குப் பின்னால் பத்திரமாக வைத்துவிட்டாள்.

ஒரு வருஷம் கழித்து மார்க்கெட்டில் ஒரு பெண் வெங்காயம் வாங்கிக்கொண்டு, புறப்பட்ட பஸ்ஸைப் பிடிக்கத் தலைதெறிக்க ஓடினாள். கடைக்காரர் பை நீட்டினார். "அவசரம் லேது!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். இந்த ஓட்டம் ஓடுகிறவள் அவசரமில்லை என்கிறாளே! அந்த இடத்திலேயே பிரமிளாவுக்கு உறைத்தது. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. தேவையில்லை, தூக்கிப் போடு என்று எழுதிக் கொடுத்ததை அவள் பட்டுப்புடவை மாதிரி பாதுகாத்துக்கொண்டிருக்கிறாள்!

அப்போதே போட்டிருக்கலாம். பிரித்துப் பார்த்தாள். குடிபாலா சுற்றுவட்டாரத்தில் மாணவர்கள் வீடுவீடாகப் போய் நிரப்பிய படிவங்கள். ஒன்றில் ஒரு அம்மா, வேனில் ஜன்னலோரம் கிடைத்தால் அன்றைக்கெல்லாம் சந்தோஷம் என்று சொல்லியிருந்தாள். அதைப் போய் எப்படிக் குப்பையில் போடுவது? மனசு வரவில்லை. சொல்லவும் பயம். ஹரிபாபு லீவு போடும் நாளெல்லாம் தூசி தட்டித் தட்டிப் பத்து வருஷம் ஓட்டிவிட்டாள்.

இப்போது எடுத்துக் கொடுத்தால் குட்டு உடையும். எது எங்கே என்று விரல்நுனியில் வைத்திருப்பவள் என்ற பேர்தான் அவளுடைய சொத்து. அது போய், அவசரத்துக்கு அர்த்தம் தெரியாத பிரமிளா என்று கல்லூரியே சிரிக்கும். வாத்தியாரோ பையை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு அவள் ஸ்டூலைப் பீரோவுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டாள். "சார், செத்த இருங்க!"

மேஜைமேல் கட்டுகள் பிரிந்தன. இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்கள். காலை எத்தனை மணிக்குக் கிளம்புகிறாள், வீட்டில் சமைப்பது யார், குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார், கணவன் என்ன சொல்கிறான்... வாத்தியார் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "அம்மாடி! அம்மாடியோ!" என்று தாளுக்குத் தாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு ஹரிபாபு உள்ளேயிருந்து வந்தார். பழுத்துப்போன சீட்டையும் அதில் தன் கையெழுத்தையும் பார்த்தார். "ஏமிட்டம்மா இதி, என்ன இது?"

பிரமிளா தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தாள். பஸ்ஸுக்கு ஓடிய பெண்ணைக்கூட விடவில்லை. ஹரிபாபு முதலில் முறைத்தார். அப்புறம் உதடு துடித்தது. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பாருங்கள், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்! வாத்தியாரும் சேர்ந்துகொண்டார். பிரமிளாவுக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு அவளுக்கும் அடக்க முடியவில்லை.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குத் திருப்பதியிலிருந்து வாத்தியாரின் போன். மேடத்துக்குப் படிவங்கள் ரொம்பப் பிடித்துவிட்டன. ஆனால் நூலகப் பதிவு எண் இல்லாத தாளை ஆதாரமாக ஒத்துக்கொள்ள முடியாதாம். எண் வந்தால் தலைப்பு நிற்கும், இல்லாவிட்டால் போச்சு.

ஹரிபாபு பதிவேட்டைத் திறந்தார். மூன்று கட்டுகளும் கழிக்கப்பட்டன என்று பதினோரு வருஷத்துக்கு முன் அவரே எழுதியிருந்தார். "கழிச்சத திரும்ப நம்மளுதுன்னு எழுதக் கூடாதும்மா. வெளிய இருந்து யாராச்சும் குடுத்தா எடுத்துக்கலாம், அதுக்கு ரூல் உண்டு."

"ஐயோ, இப்போ யார் சார் குடுப்பாங்க?"

அவர் புதுப் பக்கத்தில் எண் போட்டார். பொருள்: குடிபாலா வேன் பெண்கள், வீட்டுக் கணக்கெடுப்பு, மூன்று கட்டுகள். நன்கொடையாளர் என்ற கட்டத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினார்: பிரமிளா. கையெழுத்துப் போடச் சொல்லிப் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினார்.

நன்கொடையாளர் கட்டத்தில் அவளுக்குத் தெரிந்து இரண்டு எம்.எல்.ஏ., ஒரு பிரின்சிபால், ஒரு ரைஸ்மில் ஓனர் பேர்கள்தான் உண்டு. முழுப்பேரையும், இனிஷியலையும், ஊரையும் சேர்த்தே எழுதினாள். கட்டம் போதாமல் எழுத்து பக்கத்துக் கட்டத்துக்கும் போய்விட்டது. ஹரிபாபு வாத்தியாருக்கு எண்ணைச் சொல்லப் போனை எடுத்தார்.